மூன்றாவது சத்தம்

"வண்டி நிக்கவே இல்ல தம்பி. ஒரே மூச்சுல மேல வந்துட்டேன்" என்றார் கில்யோங்.

தால்சூ பானெட்டைத் தூக்கினான்.

புயல் போய்ப் பன்னிரண்டு நாள் ஆகியிருந்தது. தால்சூவின் பட்டறை இன்றுதான் திறந்திருந்தது. காலையிலிருந்து வந்த ஐந்து வண்டிகளும் வெள்ளத்தில் இறங்கி வந்தவை. தண்ணீர் டயர் அளவுக்குத்தான் இருந்தது என்றே ஐந்து பேரும் முதலில் சொன்னார்கள்.

கில்யோங் பள்ளி வேன் ஓட்டி ஓய்வு பெற்றவர். அறுபதைத் தாண்டியவர். தன் சாம்பல் நிறக் காரை வாசலில் நிறுத்திவிட்டு, இறங்காமல் கொஞ்ச நேரம் ஸ்டீயரிங்கைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார். பிறகு இறங்கி வந்து, மூன்று விதமாகச் சத்தம் வருகிறது, சூசோக் பண்டிகைக்குப் பூசானில் இருக்கும் மகள் வீட்டுக்குப் போக வேண்டும், வண்டி தாங்குமா என்று கேட்டார்.

இருவருமாக ஆற்றங்கரைச் சாலையில் ஒரு சுற்றுப் போய் வந்தார்கள்.

முதல் சத்தம், பிரேக் பிடிக்கும்போது வரும் உரசல். வெறும் துரு. நாலு தெரு ஓட்டினால் தானாகப் போய்விடும்.

இரண்டாவது, கிளம்பும்போது ஒரு கிறீச். பெல்ட்டில் சேறு ஏறியிருந்தது. கழுவினால் தீர்ந்தது.

மூன்றாவது வேறு மாதிரி. இன்ஜினின் அடிவயிற்றிலிருந்து டொக் டொக்கென்று வந்தது. மிதிக்க மிதிக்க அதன் வேகமும் கூடியது. தால்சூவுக்குச் சாலையிலேயே தெரிந்துவிட்டது. இருந்தாலும் திறந்து பார்க்காமல் அவன் எதையும் சொல்வதில்லை.

ஏர் ஃபில்டரைக் கழற்றினான். உள்ளே மஞ்சள் சேறு காய்ந்து வெடித்திருந்தது.

நான்கு பிளக்கையும் எடுத்துவிட்டு, இன்ஜினைக் கையாலேயே சுற்றி, ஒவ்வொரு துளையிலும் நீளமான கம்பியை விட்டுப் பார்த்தான். மூன்றில் கம்பி ஒரே உயரத்துக்கு எழும்பியது. இரண்டாவதில் மட்டும் ஒரு நகத்தளவு கீழேயே நின்றது.

"கனெக்டிங் ராடு வளைஞ்சிருக்கு அண்ணே. இன்ஜின் தண்ணியைக் குடிச்சாத்தான் இது வளையும். தண்ணியைக் குடிச்ச இன்ஜின் நிக்காம ஓடாது. வேன் ஓட்டின ஆளு, உங்களுக்கே தெரியும்."

கில்யோங் கையிலிருந்த பார்லித் தேநீரைக் குடிக்காமல் கீழே வைத்தார்.

காரின் முன்கண்ணாடி மூலையில் ஆற்றோர அடுக்குமாடியின் பார்க்கிங் வில்லை ஒட்டியிருந்தது. வண்டி வாசலுக்கு வந்தபோதே தால்சூ அதைப் பார்த்திருந்தான். புயலன்று விடிந்ததும், தரைக்கடியில் நிற்கும் வண்டிகளை வெளியே எடுத்துவிடுங்கள் என்று அங்கே ஒலிபெருக்கியில் அறிவித்தார்கள். எடுக்க இறங்கியவர்களில் மூன்று பேர் திரும்பி வரவில்லை.

"எங்க நின்னுச்சு?"

"மேல ஏறுற சரிவு தொடங்குற இடத்துல."

"எத்தனை தடவை செல்ஃப் அடிச்சீங்க?"

கில்யோங் தன் கைகளைப் பார்த்துக்கொண்டார்.

"ஏழாவது தடவைதான் பிடிச்சுது. ரெண்டு நிமிஷம் இருக்கும். தண்ணி மேல இருந்து வாய்க்கால் மாதிரி இறங்குது. நான் ஏறுறதுக்குள்ள பின்னாடி தண்ணி ரொம்ப ஏறிப்போச்சு. போலீஸ்ல, வண்டி நிக்கவே இல்லன்னு எழுதிக் குடுத்துட்டேன். வீட்டுலயும் அப்படித்தான் சொல்லி வச்சிருக்கேன்."

ஒரு நேரத்தில் ஒரு வண்டி மட்டுமே ஏறக்கூடிய சரிவு அது.

தால்சூ கைகளைத் துணியில் துடைத்தான். விரல் இடுக்குகளில் கறுப்பு போகவில்லை. மறுபடியும் துடைத்தான்.

"உங்க வீட்டுலேருந்து இங்க வர்ற வழியில மூணு பட்டறை இருக்கு அண்ணே. இவ்வளவு தூரம் எதுக்கு என்கிட்ட வந்தீங்க?"

"உங்ககிட்டதான் சொல்லணும்னு வந்தேன். வந்து நின்னா, வாயில மறுபடியும் நிக்கலன்னுதான் வருது."

வெளியே யாரோ குழாயில் நடைபாதைச் சேற்றை அடித்துக் கழுவிக்கொண்டிருந்தார்கள்.

தால்சூ மேசையிலிருந்து பரிசோதனைத் தாளை எடுத்தான். தண்ணீரில் இன்ஜின் அணைந்து நின்றது, நின்ற பிறகு பலமுறை ஸ்டார்ட் செய்யப்பட்டது என்று எழுதினான். எழுத்து கோணலாக விழுந்தது. தேதி போட்டான்.

"உள்ளதைத்தான் எழுதியிருக்கேன்."

"அப்படியே இருக்கட்டும். இதை எடுத்துக்கிட்டு நேரா ஸ்டேஷனுக்குத்தான் போறேன்."

தாளை வாங்கக் கில்யோங் இரண்டு கைகளையும் நீட்டினார். தால்சூ நீட்டிய தாளை விடவில்லை. ஒரு முனையை அவரும் மறுமுனையை இவனுமாகப் பிடித்துக்கொண்டு நின்றார்கள்.

"உங்களுக்குப் பின்னாடி வெள்ளை வண்டி ஒண்ணு நின்னுச்சா?"

"நின்னுச்சு."

"அவ ஹாரன் அடிச்சாளா?"

கில்யோங் தலையை நிமிர்த்தவில்லை. "இல்ல தம்பி. ஒரு தடவைகூட அடிக்கல."

கல்யாணமான வருஷம் மனைவி சுன்மிக்கு வண்டி ஓட்டக் கற்றுக்கொடுத்தவன் தால்சூதான். முன்னால் ஒரு வண்டி அணைந்து நின்றுவிட்டால் ஹாரனைத் தொடாதே, ஓட்டுகிறவருக்குக் கை பதறிவிடும், பேசாமல் காத்திரு என்று அவன்தான் சொல்லிக் கொடுத்திருந்தான்.