போன வருசத்து விதை

“புதுசை டிரம் நெறைய வெச்சுக்கிட்டு, நமக்குப் போன வருசத்துப் பழசைக் கட்டி உட்டிருக்கறாரு பாருங்க, உங்க பங்காளி!”

அமுதவல்லி சாக்கைக் காலால் தள்ளினாள். உள்ளே கொழுக்கட்டைப் புல் விதை, நிறம் மங்கித் தூசி அடைந்து கிடந்தது.

ரங்கனுக்கும் பற்றிக்கொண்டுதான் வந்தது. சங்ககிரிக்கு மேற்கே அவனுடையது ஆடு மேய்கிற மானாவாரிக் காடு. புல் தானாக முளைத்துத் தானாக விதை கொட்டும்; அவன் விதைத்ததே இல்லை. இரண்டு வருடம் மழை ஏமாற்றியதில் எல்லாம் வேரோடு போய்விட்டது. இந்த மழைக்கும் புல் வராவிட்டால் ஆடுகள் அத்தனையையும் சந்தைக்கு ஏற்ற வேண்டியதுதான்.

பக்கத்துக் காட்டுப் பூபதியினுடையதும் மொட்டைதான். ஆனால் அவன் கிணற்றோரம் தண்ணீர் பாய்ச்சிக் கொஞ்சம் புல் வளர்த்து, போன மாதம் புது விதை உருவி வைத்திருந்தான். பொன் மாதிரி மின்னியது. அதைத்தான் ரங்கன் கேட்டான்.

“அது வேண்டாம். இதக் கொண்டு போயி வெதை” என்று பழைய சாக்கைத் தூக்கிக் கொடுத்தான் பூபதி. மேற்கொண்டு ஒரு வார்த்தை இல்லை. பேசினால் முத்து உதிர்ந்துவிடுமே!

“தனக்கு மிஞ்சித்தானே தானமும் தருமமும்!” என்றான் ரங்கன் மனைவியிடம். “வேற எங்க போறது? வெதைப்போம். வந்தா வரட்டும்.”

மறுநாள் பூபதி தன் காட்டில் புது விதையை வாரி வாரி இறைத்ததை இருவரும் வேலியோரம் நின்று பார்த்தார்கள். வயிறு எரிந்தது.

மழை பெய்தது.

ரங்கன் காட்டில் பச்சை பிடித்து, பார்த்துக்கொண்டிருக்கும்போதே முழங்கால் உயரத்துக்கு வந்துவிட்டது. ஆடுகள் தப்பித்தன. பூபதி காட்டிலோ ஒரு முளை இல்லை.

“சாமி கண்ணத் தொறந்திருச்சு, பாத்தீங்களா!” அமுதவல்லிக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

நேரிலேயே குத்திக் காட்டிவிட்டு வரலாமென்று ரங்கன் கிளம்பினான். பூபதியும் அவன் மனைவி செல்லியம்மாளும் ஆடுகளுக்கு வேலமரத்துத் தழை வெட்டிப் போட்டுக்கொண்டிருந்தார்கள்.

“என்ன பங்காளி, புது வெதை கைய உட்டுருச்சாட்ட இருக்குது?”

“உறங்குது பங்காளி” என்றான் பூபதி. “உருவுன உடனே வெதைச்சா மொளைக்காது. ரொம்ப வருசம் போட்டு வெச்சாலும் செத்துப் போயிரும். அடுத்த மழைக்கு எந்திரிச்சிரும் பாரு.”

முகத்தில் துளி வருத்தம் இல்லை.

ரங்கனுக்குக் குழப்பமாகிவிட்டது. “தெரிஞ்சுமா அதையே வெதைச்சே?”

பூபதி அடுத்த கிளையை வெட்டப் போய்விட்டான். செல்லியம்மாள்தான் சொன்னாள்:

“மொளைக்கற வெதை எங்கூட்டுல அந்த ஒரு சாக்குத்தானுங்களே இருந்துச்சு!”