உடையும் சாமான்

ஈஸ்டர் ஞாயிறு காலை ஒன்பது மணிக்கு ஷீலா கல்யாண போட்டோவை ஆணியிலிருந்து கழற்றி, பழைய புடவையில் சுற்றி, தகரப் பெட்டிக்குள் வைத்தாள். அடுத்து ஆறு கண்ணாடி டம்ளர்கள். அப்புறம் குழந்தை இயேசு சொரூபம்.

பச்சடிக்குத் தயிர் கொண்டுவந்த பக்கத்து வீட்டு தேவானை வாசலிலேயே நின்றுவிட்டாள்.

“இன்னா ஷீலா, பண்டிகையும் அதுவுமா மூட்டை கட்டிக்கினு கீற? வூடு காலி பண்றியா?”

“இல்லக்கா. உடையறதை எல்லாம் எடுத்து உள்ள வெக்கிறேன். நேத்தோட தவக்காலம் முடிஞ்சிச்சில்ல?”

தேவானைக்குப் புரிந்துவிட்டது. சாந்தோமில் கடலை ஒட்டிய அந்த வரிசை வீடுகளில் சுவர்கள் மெல்லியவை. ஷீலாவின் புருஷன் சவரிமுத்து, தவக்காலம் தொடங்கும் சாம்பல் புதனன்று நெற்றியில் சாம்பலோடு வந்து குடியை விட்டவன். வருஷா வருஷம் விடுவான், சரியாக ஈஸ்டர் வரைக்கும்.

“இந்தத் தபா அப்டியே வுட்டுட்டா இன்னாவாம்?” என்றாள் தேவானை.

“வுட்டா அவரு மாரி தங்கமான மனுசன் கெடையாதுக்கா. சரக்கு உள்ள போனாதான் வேற ஆளு.”

ஒன்பது வருஷமாக ஷீலா இதைத்தான் சொல்லிவருகிறாள். அந்த ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டுதான் குடித்தனம் ஓடுகிறது.

பெட்டியை மூடப் போனபோது நாலு வயது மகன் ரெக்ஸ் ஓடிவந்தான். கையில் பேக்கரியில் வாங்கிய சர்க்கரை முட்டை. ரோஸ் கலரில் அவன் பேர் எழுதியிருந்தது.

“அப்பா வந்து உடைக்கட்டும் கண்ணு,” என்று அதையும் வாங்கிப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டினாள்.

பிறகு தலை வாரிக்கொண்டாள். முகம் பார்க்கும் கண்ணாடி இல்லாததால் வகிடு குத்துமதிப்பாகத்தான் வந்தது. பழைய கண்ணாடி முந்தாநாள், பெரிய வெள்ளியன்று, உடைந்து போயிருந்தது. கஞ்சியில் உப்புக் கூடிவிட்டது, பாவம், நாளெல்லாம் பட்டினி கிடந்த மனுஷனுக்குப் பசிக் கோபம் வராதா?

பத்து மணிக்கு ஆட்டோ ஸ்டாண்ட் தங்கவேல் வாசலில் ஹாரன் அடித்தான்.

“இன்னா மச்சி, விரதம் முடிஞ்சிச்சா? வா, போய்க்கினு வந்துடலாம்.”

சவரிமுத்து புதுச்சட்டைக்குப் பித்தான் போட்டுக்கொண்டே ஆட்டோவில் ஏறினான். வீட்டைத் திரும்பிப் பார்க்கவில்லை.

ஷீலாவுக்கு அழுகை வரவில்லை. முதல் இரண்டு வருஷம் வந்தது, அதற்கப்புறம் வருவதில்லை. அரிசி களைந்தாள், கறி வதக்கினாள், பிரியாணிக்குத் தம் போட்டாள். கைதான் வேலை செய்தது. அவளுக்குள் எதுவும் அசையவில்லை.

ஏழு வயது மகள் ரோஸ்லின் புது கவுன் கசங்காமல் வாசற்படியில் உட்கார்ந்திருந்தாள். இந்த வீட்டில் அவளுக்கு ஒரு வேலை உண்டு. அப்பா வந்ததும் ஓடிப்போய்க் கழுத்தைக் கட்டிக்கொண்டு மோந்து பார்ப்பாள். வாடை அடித்தால் அடுப்படிக்கு வந்து அம்மாவைப் பார்த்துத் தலையை ஆட்டுவாள். தம்பியைத் தேவானை வீட்டில் கொண்டுபோய் விட அந்த ஒரு நிமிஷம் போதும். அவளுக்கு இதை யாரும் சொல்லிக்கொடுத்ததில்லை.

ஒரு மணிக்குச் சாப்பாடு என்று பேச்சு. மணி இரண்டரை ஆயிற்று.

அடுப்படியிலிருந்த ஷீலாவுக்குச் செருப்பை ஓரமாகக் கழற்றி வைக்கும் சத்தம் கேட்டது. “அப்பா!” என்று ரோஸ்லின் ஓடுவதும் கேட்டது. அவள் அடுப்படிக்கு வருவதற்குள்ளேயே சவரிமுத்துவின் குரல் வந்துவிட்டது.

“சோறு எடுத்துக்கினு வா.”

ஷீலா எவர்சில்வர் தட்டில் பிரியாணி போட்டுக்கொண்டு வந்து வைத்தாள். அவன் ஒரு வாய் எடுத்தான்.

“ஆறிப்போய் கீது.”

“மணி ரெண்டரை ஆச்சே...”

தட்டு சுவரில் மோதித் தரையில் உருண்டது. உடையவில்லை. அதற்காகத்தான் அதை வெளியே வைத்திருந்தாள். அடுத்த அடி அவள் கன்னத்தில் விழுந்தது. ரெக்ஸ் கதவுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டான்.

சவரிமுத்து கையைக் கழுவிக்கொண்டு கட்டிலில் போய்ச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தான். வாசலில் கோவில் பிள்ளைகள் யாரோ “ஹாப்பி ஈஸ்டர்” என்று கத்திக்கொண்டு ஓடினார்கள்.

ஷீலா தரையில் உட்கார்ந்து சோற்றைக் கூட்டி அள்ளினாள். கன்னம் எரிந்தது. அது கூட வேறு யாருடைய கன்னமோ எரிவது போலத்தான் இருந்தது.

“ஒண்ணுமில்ல கண்ணுங்களா,” என்றாள் பிள்ளைகளைப் பார்த்து. “அது உங்க அப்பா இல்ல. எல்லாம் குடி பண்ற வேலை. நாளிக்குத் தெளிஞ்சிடும்.”

ரோஸ்லின் அம்மாவின் பக்கத்தில் வந்து குந்தினாள். கட்டிலை ஒருமுறை திரும்பிப் பார்த்தாள். பிறகு அம்மாவின் காதோடு வாயை வைத்துச் சொன்னாள்.

“மோந்து பாத்தேம்மா. அப்பா குடிக்கவே இல்ல.”