பாதை முட்டிய இடம்

அப்புத்தளைக்குக் கீழே, கதிர்காமத்துக்குக் காவடி போகும் காட்டுப்பாதையில் பனி இன்னும் விலகவில்லை. முருகனுக்கென்று கூலியில்லாமல், தேயிலைத் தோட்டத்துக் குடியிருப்புகளில் மேல்லயத்தார் மலையிலிருந்து இறங்கியும் கீழ்லயத்தார் அடிவாரத்திலிருந்து ஏறியும் புதர் வெட்டி வந்திருக்கிறார்கள். நடுவில் ஒரே ஓர் உண்ணிப்புதர் நிற்கிறது. வருசா வருசம் இந்தக் கடைசிப் புதரை இரண்டு பக்கமும் சேர்ந்துதான் வெட்டும். இன்றைக்குக் கீழ்லயத்து இராக்கம்மா தேயிலைச்செடி கழிக்கும் கவ்வாத்துக் கத்தியை இடுப்பில் செருகிவிட்டாள். கெண்டைக்காலில் ஊரும் அட்டையைக்கூட அவள் தட்டவில்லை. புதருக்கு அந்தப் பக்கம் மேல்லயத்துப் பெரியகருப்பன் வெற்றிலைச் சாற்றைத் துப்புகிறான். "என்னா பாத்துக்கிட்டு நிக்கிற, வெட்டு. நாளைக்கு எங்க காவடி எறங்கணும்." போன வருசக் காவடி நடையில், வழியிலிருக்கும் சுனையடியில், அவள் மகள் தொட்டுவிட்டாள் என்று பானைத் தண்ணீரை மண்ணில் கவிழ்த்தவன் இவன்தான். பிள்ளை அன்று முழுக்க வறண்ட நாக்கோடு நடந்தாள். "நாங்க தொட்ட தண்ணி தீட்டு. நாங்க வெட்டுன பாதையில மட்டும் நடக்கலாமுங்களா?" என்று கேட்கிறாள் இராக்கம்மா. அவள் குனிந்து, காலையிலிருந்து வெட்டிக் குவித்த முள்ளை இழுத்துவந்து அந்தப் புதரின் மேலேயே போடுகிறாள். அவள் பின்னால் நிற்பவர்களும் ஆளுக்கொரு முள்ளுக்கட்டைத் தூக்குகிறார்கள்.