குழல் வாய்க்கு இன்னொரு பூச்சு

காற்று அடிக்கும்போதெல்லாம் கொடி சுற்றியது. கொடியோடு துப்பாக்கியும் சுற்றியது.

குடை போல விரிந்து நிற்கிற உடுப்புக் காயப்போடும் கொடி. புலம்பெயர்ந்து வந்த மனுரேவாவில் வாடகை வீட்டுப் பின்வளவு என்றால் இது ஒன்று நின்றாக வேண்டும். பெயின்ட் தெறிக்கும் என்று அம்மா உடுப்புகளை எல்லாம் அள்ளிக்கொண்டு உள்ளே போய்விட்டாள். துப்பாக்கி மட்டும், இரண்டு இடத்தில் கயிறு கட்டி மட்டமாக, ஒவ்வொருவராகக் குறிபார்த்துக்கொண்டு வந்தது.

முதலில் வேலிக்கு அந்தப்பக்கத்து வீடு. பிறகு குப்பைத்தொட்டிகள். பிறகு குசினி ஜன்னலில் சோறு வடித்துக்கொண்டிருந்த அம்மா. பிறகு அப்பா.

தன் முறை வரும்போது அப்பா அரை அடி விலகி நின்றார். அது தாண்டிப் போனதும் பழைய இடத்துக்கு வந்தார். விலகுவது அவருக்கே தெரியவில்லை.

“அப்பா, இது விளையாட்டுச் சாமான்,” என்றான் ஜெரோஷன்.

“தெரியும், தம்பி.”

அடுத்த சுற்றுக்கும் விலகினார்.

காலையில் அது கண்ணாடி மாதிரி இருந்தது. பிளாஸ்டிக் குண்டு சுடுகிற சாமான். உண்மைத் துப்பாக்கி என்று யாரும் பயந்துவிடக் கூடாது என்பதற்காகவே அப்படிச் செய்திருந்தார்கள். சுருள்கம்பி, பல்லுச் சக்கரம், மஞ்சள் குண்டுகள், எல்லாம் வெளியே தெரிந்தன. அப்பாதான் இணையத்தில் தேடி வாங்கியிருந்தார்.

“இதைக் காட்டினா, வாறவன் பாவம் பாத்து உங்களுக்கு ஏதும் தந்திட்டுப் போவான்,” என்று ஜெரோஷன் சொல்லிப் பார்த்தான்.

அப்பா சிரிக்கவில்லை. “அதுக்குத்தான் கறுப்பு அடிக்கச் சொல்லுறன்.”

ஸ்பிரே வாங்கப் போன கடையில் டப்பாக்களைக் கூண்டுக்குள் பூட்டி வைத்திருந்தார்கள், சுவரில் கிறுக்குகிறவர்களுக்குப் பயந்து. அடையாள அட்டையைக் காட்டி, பதினெட்டு தாண்டிவிட்டதை நிரூபித்து, ஒரு கறுப்பு வாங்கினான். துப்பாக்கி தபாலில் வந்தபோது யாரும் எதுவும் கேட்கவில்லை.

அவன் பல்கலைக்கழகத்தில் சட்டம் படிக்கிறான். முதலாம் வருடம். காய்ந்ததும் இது அப்பாவின் டெயரிக்குப் போகும். பாலும் பாணும் சிகரெட்டும் விற்கிற மூலைக்கடை. அங்கே கல்லாவுக்குக் கீழே அப்பா இதை வைப்பார். வைத்தவர் ஒருநாள் எடுப்பார். எதிரே நிற்கிறவன் கையில் இருப்பது உண்மையானது என்றால், அவன் சுடுவான். அவன் சுடாமல் ஓடிவிட்டால், போலீஸ் வந்து அப்பாவைப் பிடிக்கும். இரண்டில் எது நல்லது என்று முதலாம் வருடத்தில் சொல்லித் தரமாட்டார்கள்.

போன கிழமை, ஹூடி போட்ட ஒருவன் துப்பாக்கியோடு கடைக்குள் வந்து சிகரெட் முழுவதையும் அள்ளிக்கொண்டு போயிருந்தான். அதற்குமேல் அப்பா வீட்டில் எதுவும் கதைக்கவில்லை. அம்மா தன் பங்குக்குக் கடை வாசலில் தீர்த்தம் தெளித்துவிட்டு வந்தாள்.

ஜெரோஷன் எல்லாம் சொல்லிப் பார்த்தான். கம்பிக் கூண்டு அடிக்கலாம் என்றான். சிகரெட் விற்பதை நிறுத்தலாம் என்றான். பின்னேரங்களில் தானும் வந்து நிற்கிறேன் என்றான்.

அதற்கு மட்டும் பதில் வந்தது. “நீ அங்க கால் வைக்கக் கூடாது.”

ஆகவே, தன்னால் முடிந்ததைச் செய்தான். தேய்க்காமல், அடிப்பூச்சு போடாமல், பிளாஸ்டிக்கை எண்ணெய்க் கையால் தடவிவிட்டு மேலாக அடித்தான். இரண்டு நாளில் பாம்புச் சட்டை மாதிரி உரிந்துவிடும்.

காற்று நின்றது. கொடியும் நின்றது. அப்பா கிட்டப் போய்ச் சுட்டுவிரலைக் குழலின் வாயில் வைத்து எடுத்தார். விரலில் கறுப்பு.

“ஒட்டுது.”

“காயும், அப்பா.”

“பிடி எப்பிடிக் கிடந்தாலும் பரவாயில்லை. இந்த வாய் வடிவாக் காயோணும். இதுக்கு இன்னொருக்கா அடி.”

“வாயை ஆர் பாக்கப்போயினம்?”

அப்பா குசினிப் பக்கம் ஒருமுறை பார்த்தார். பிறகு, அன்று கடைக்கு வந்தவனின் பெயின்ட் வேலையில் குறை கண்டுபிடிக்கிறவர் போலத் தாழ்ந்த குரலில் சொன்னார்.

“அவன் காயவிடேல்லை. இஞ்ச வச்சு அழுத்தினவன்.” நெற்றியைத் தொட்டுக் காட்டினார். “போனாப்பிறகு கண்ணாடியில பாத்தன். பெயின்ட். லேஞ்சியால துடைச்சன், முழுக்கப் போகேல்லை.”

“போலீசிட்டச் சொன்னனீங்களோ?”

“என்னெண்டு? விளையாட்டுச் சாமானுக்கு முழங்காலில நிண்டனான் எண்டோ?”

ஜெரோஷன் டப்பாவைக் குலுக்கினான். போதுமான அளவு குலுக்கிய பிறகும் குலுக்கிக்கொண்டே நின்றான். பிறகு குழல் வாயை நன்றாகத் துடைத்து, பொறுமையாக, ஒழுங்காக அடித்தான்.

கள்ளன் வந்த அன்று விபூதிப் புதன், பாதர் நெற்றியில் சாம்பலால் சிலுவை போடுகிற நாள்.

வீட்டுக்குள் நுழைந்த அப்பாவின் நெற்றியில் கறுப்பைக் கண்டதும், இப்படியொரு நாளிலும் மனுசன் கோயிலுக்குப் போய்ச் சாம்பல் பூசிக்கொண்டு வந்திருக்கிறாரே என்று அம்மா அழுதாள். பாதர் அவசரத்தில் சிலுவையை வட்டமாகப் போட்டுவிட்டார் என்றாள். மன்னாருக்குப் போன் எடுத்துத் தன் தமக்கைக்கும் சொன்னாள். அப்பா மறுக்கவில்லை.

அவருடைய கைக்குட்டையில் பட்ட கறை, எத்தனை தரம் தோய்த்தும் போகவில்லை. சாம்பல் போகாமல் இருப்பதாவது, அற்புதம்தான் என்றாள் அம்மா.

அம்மா அதை மடித்து மாதா சுரூபத்துக்குக் கீழே வைத்திருக்கிறாள். ஒவ்வொரு நாளும் செபத்துக்கு மூவரும் அதன் முன்னால்தான் முழங்காலில் நிற்கிறார்கள்.