குண்டு விழாத சண்டை

"அவர் பத்து நிமிசம் கதைப்பாராம். ஒரு நிமிசமும் குறைக்க மாட்டாராம்," என்றாள் தாரிணி.

"அப்ப எனக்குப் பன்னிரண்டு வேணும் எண்டு போய்ச் சொல்லு," என்றாள் யோகா.

ஆஸ்திரேலியாவின் ஹோம்புஷ் மண்டபத்தில் அன்று பட்டிமன்றம். அமெரிக்காவும் சோவியத்தும் நேருக்கு நேர் மோதாமல் தடுத்தது அணுகுண்டா, இல்லையா? 'அணுகுண்டே' என்ற அணிக்குச் சிறிதரன் தலைவர். 'இல்லை' என்ற அணிக்கு யோகா. தலைப்பை அறிவித்த நாளிலிருந்து மூன்று வாரமாக இருவருக்கும் நேர்ப்பேச்சு கிடையாது. தகவல் எல்லாம் மன்றத்துச் செயலாளர் தாரிணி வழியாகத்தான். பரீட்சை நேரத்திலும் அந்தப் பிள்ளை இங்கும் அங்குமாக அலைந்தாள். அவர் நூலகத்தில் ஐந்து புத்தகம் எடுத்தார் என்று கேள்விப்பட்டதும் யோகா ஏழு எடுத்தாள். மூன்று வருடம் அவரிடம் தோற்றவள், இந்த முறை விட்டுக்கொடுப்பதாக இல்லை.

சிறிதரன் முழங்கினார். இரண்டு பேர் கையிலும் குண்டு இருந்ததாம். அந்தப் பயத்தில்தான் நாற்பது வருடம் ஒருவர் மேல் ஒருவர் கை வைக்கவில்லையாம். கியூபா ஏவுகணை நெருக்கடியிலும் கடைசி நேரத்தில் பின்வாங்கினார்களாம். கைதட்டல் கூரையைப் பிய்த்தது.

யோகா எழுந்தாள்.

"ஆளுக்காள் அடிபடேல்லைதான். ஆனா வெடிச்சுப் பாத்தது யாற்றை நிலத்தில? அமெரிக்கா பசிபிக் தீவில, சோவியத் கசகஸ்தானில, பிரிட்டன் இஞ்சை எங்கட பாலைவனத்தில. பெரியாக்கள் முறைச்சுக்கொண்டு நிண்டினம், நடுவில இருந்த சனம்தான் நோய் வருத்தத்தில விழுந்தது. இதுக்குப் பேர் சமாதானமோ?"

மண்டபமே எழுந்து நின்றது. நடுவரின் தீர்ப்பு அவள் பக்கம். சிறிதரனின் முகம் கறுத்துப்போனது. யோகா தலை நிமிர்ந்து மேடையை விட்டு இறங்கினாள்.

வெளியே கார் நிறுத்தும் இடத்தில் சிறிதரன் நின்றிருந்தார்.

"தோத்தது எப்பிடி இருக்குதாம் எண்டு கேள்," என்று யோகா தாரிணியிடம் சொன்னாள்.

தாரிணி கையிலிருந்த கார்ச் சாவியைச் சிறிதரனிடம் நீட்டினாள்.

"இனி நான் ஒருத்தருக்கும் ஒண்டும் கொண்டுபோய்ச் சொல்ல மாட்டன். ட்ரெயின் எடுத்து என்ர சிநேகிதி வினுஷா வீட்டை போறன். நீங்கள் ரெண்டு பேரும் நேர கதைச்சு முடிச்சாப் பிறகுதான் வீட்டை வருவன், அப்பா. அம்மாவுக்கும் சேர்த்துத்தான் சொல்லுறன்."