மூன்றையும் கூட்டினால்

கம்ப்யூட்டர் நாற்பத்தாறு என்றது. ஆய்வுகூடம் இருபத்தேழு என்றது. இரண்டில் ஒன்று பொய். சுகிர்தன் கம்ப்யூட்டரைச் சந்தேகிக்கும் ஆள் இல்லை.

மலைநாட்டில், பொகவந்தலாவைக்கு மேலே புதிதாக எழும்பிய ஹோட்டலின் கழிவுநீர்த் தொட்டிகளைக் கம்ப்யூட்டருக்குள் உருவாக்கி, ஓடவிட்டுப் பார்ப்பது அவன் வேலை. தண்ணீரில் கரைந்த அழுக்கு, மிதக்கும் அழுக்கு, இரண்டையும் தின்று கொழுத்த கிருமி. ஒவ்வொன்றையும் அதற்குரிய எண்ணால் பெருக்கி, மூன்றையும் கூட்டி, மென்பொருள் ஒரே எண்ணாகத் தரும். முப்பதைத் தாண்டினால் ஓடையில் விடக்கூடாது.

போரில் மூடிக்கிடந்த யாழ்ப்பாணப் பாதை திறந்த வருடம் அங்கிருந்து கொழும்புக்கு வேலைக்கு வந்தவன். மகா கறார். அறிக்கையின் முதல் பக்கத்தில் கேட்ட ஊர் விவரங்களை எல்லாம் கொழும்பிலேயே மளமளவென்று நிரப்பிவிட்டுத்தான் மலையேறியிருந்தான்.

மூன்று நாளாகப் பெருக்கும் எண்களை மாற்றி மாற்றிப் பார்த்தான். கணக்கில் பிழை இல்லை. ஆய்வுகூடத் தாளில்தான் மிதக்கும் அழுக்கு அநியாயத்துக்குக் குறைவாக இருந்தது. ஆய்வுகூடத்துக்குத் தண்ணீர் பிடித்து அனுப்பும் போத்தலில் யாரோ கைவைத்திருக்கிறார்கள்.

போத்தல் நிரப்புவது மீனம்மா. பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில் தொழிலாளர் குடியிருக்கும் லயத்திலிருந்து ஹோட்டலுக்கு வேலைக்கு வருகிறவள்.

அவளைக் கூப்பிடுவதற்கு முன்பே கடிதத்தை அடித்து வைத்துவிட்டான். 'பொய் விவரம் தந்தவர்: மீனம்மா. வேலையிலிருந்து நீக்கவும்.'

"மீனம்மா, உண்மையைச் சொல்லுங்கோ. போத்தலுக்குள்ளை நல்ல தண்ணி கலந்தனீங்களோ?"

"ஐயோ, இல்லீங்க ஐயா! கடைசித் தொட்டி வாய்க்கால்லதான் புடிச்சேன்."

"மனேச்சர் ஏதும் சொன்னவரோ?"

"ஒருத்தரும் ஒண்ணும் சொல்லலீங்க."

"அப்ப எப்பிடி இவ்வளவு தெளிவு? எனக்கு முன்னாலை பிடிச்சுக் காட்டுங்கோ."

வாய்க்காலுக்குப் போனார்கள். மீனம்மா இடுப்பில் செருகியிருந்த பழஞ்சேலைத் துண்டை உருவினாள். நாலாக மடித்துப் போத்தல் வாயில் கட்டினாள். பிறகு பொறுமையாகத் தண்ணீரைப் பிடித்தாள்.

சுகிர்தனுக்குக் கோபம் தலைக்கேறியது.

"வடிகட்டிப்போட்டோ அனுப்பினனீங்கள்? ஆர் இப்பிடிச் செய்யச் சொன்னது?"

"யாரு சொல்லணுங்க? கைப்பழக்கம். லயத்துல துணி கட்டாம தண்ணி புடிக்கவே மாட்டோம்."

"அது குடிக்கிற தண்ணி! இது கழிவுத் தண்ணி! ரெண்டுக்கும் வித்தியாசம் தெரியாதோ?"

மீனம்மா விழித்தாள்.

"ரெண்டும் ஒண்ணுதானுங்களே ஐயா. இந்த வாய்க்கால் கீழ ஓடையில விழுது. அந்த ஓடைத் தண்ணிதான் எங்க லயத்துப் பீலிக் குழாயில குடிக்க வருது. முந்தி ஒரு மடிப்புப் போதும். ஹோட்டல் வந்த பொறகுதான் நாலா மடிக்கிறோம்."

சுகிர்தன் அறைக்குத் திரும்பி, அறிக்கையின் முதல் பக்கத்தைத் திறந்தான். 'கீழே இந்த நீரைக் குடிப்போர்' என்ற கேள்விக்கு நேரே, கொழும்பில் உட்கார்ந்து அவன் அடித்த பதில் அப்படியே இருந்தது.

'எவரும் இல்லை.'

வெட்கமாக இருந்தது. கடிதத்தைத் திறந்தான். 'பொய் விவரம் தந்தவர்' என்பதற்கு நேரே இருந்த பெயரை அழித்துவிட்டு, சுகிர்தன் என்று அடித்தான்.