இருபத்தெட்டாம் தேதித் தூக்கம்

"நீ ராத்திரி எட்டு மணிக்கே தூங்கிடறே. எழுதுய்யா!" என்று கேப்டன் மேசையைத் தட்டினார்.

"நானா சார்?" என்றார் சமையல்காரர். "அப்ப பத்து மணி வரைக்கும் நின்னு பாத்திரம் கழுவுறது யாரு?"

"பேய் கழுவுது! சொன்னதை எழுது. எட்டுலேர்ந்து காலையில ஆறு வரைக்கும் தூக்கம். ஒரு நாளைக்குப் பத்து மணி நேரம் ஓய்வு. சட்டம் அதைத்தான் கேட்குது."

அந்தச் சரக்குக் கப்பல் அன்று காலைதான் துறைமுகத்துக்குள் வந்து நின்றிருந்தது. கப்பலில் வேலை செய்பவர்களுக்கு ஒழுங்காக ஓய்வு கிடைக்கிறதா, ஒப்பந்தம் முடிந்தவர்களை ஊருக்கு அனுப்புகிறார்களா என்று பார்க்கத் துறைமுகத்து இன்ஸ்பெக்டர் மதியம் வரப்போவதாகத் தகவல். யாரோ பெயர் போடாமல் புகார் எழுதியிருக்கிறார்களாம்.

"எழுதினவன் யாருன்னு மட்டும் தெரியட்டும், பெட்டியோட கப்பலை விட்டு இறக்கிடறேன்!" என்று கேப்டன் பொரிந்தார். தொட்டதற்கெல்லாம் பொரிவதால் முதுகுக்குப் பின்னால் அவருக்குக் 'கடுகு' என்று பெயர்.

சமையல்காரர் தலையைக் குனிந்துகொண்டார். புகாரை எழுதியது அவரில்லை. எழுத ஆசைதான், தைரியம்தான் வரவில்லை. ஒன்பது மாத ஒப்பந்தம் என்று ஏறியவருக்கு இது பதிமூன்றாவது மாதம். ஏறிய அன்றைக்கு ஏணிக்கு மேலே நின்று "வாய்யா, வா" என்று வரவேற்றதும் இதே கடுகுதான். ஊரில் மகள் பிறந்து ஆறு மாதம் ஆகிறது. ஃபோனில் பார்த்ததோடு சரி. இன்னும் கொஞ்ச நாள் போனால் அது அந்த ஃபோனையே அப்பா என்று கூப்பிட ஆரம்பித்துவிடும். எப்போது கேட்டாலும் "மாற்று ஆள் வரலைன்னு கம்பெனி சொல்லுது" என்று கேப்டனிடமிருந்து ஒரே பதில்தான்.

"எழுதிட்டேன் சார். நேத்து வரைக்கும்தானே?"

"மாசம் முழுக்க எழுது. முப்பது நாளும் ஒரே மாதிரி."

"சார், இன்னிக்குத் தேதி பத்தொன்பதுதான்..."

"தேதியெல்லாம் எனக்குத் தெரியும். தினமும் உன்னை உட்கார வச்சு சொல்லிக்கிட்டிருக்க எனக்கு வேற வேலை இல்லையா?"

சமையல்காரருக்கு உள்ளுக்குள் குதூகலம் பொத்துக்கொண்டு வந்தது. வாயைத் திறந்து எச்சரித்திருக்கலாம். நமக்கென்ன வந்தது என்று, இன்னும் வராத பதினொரு நாளுக்கும் சேர்த்து நிம்மதியாகத் தூங்கித் தீர்த்தார்.

கேப்டன் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, ஒரு வரி விடாமல் படித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார். பிறகு இன்னொரு தாளை நீட்டினார். 'இப்போதைக்கு ஆள் மாற்ற வசதியில்லை. எல்லோரும் முழு ஓய்வு எடுப்பதாகப் பதிவேட்டில் காட்டவும்' என்று கம்பெனி அனுப்பிய மெயில்.

"இதையும் அதே ஃபைல்ல பத்திரமா வை. தொலைஞ்சுடப் போகுது."

'படிச்ச முட்டாள்' என்று நினைத்துக்கொண்டே வைத்தார் சமையல்காரர்.

மதியம் வந்த இன்ஸ்பெக்டர் ஒல்லியான ஒரு பெண்மணி. தலையில் ஹெல்மெட், கையில் பேனா, முகத்தில் சிரிப்பு என்ற பேச்சே கிடையாது. ஃபைலை மளமளவென்று புரட்டியவர் ஓரிடத்தில் நின்றார்.

"இருபத்தெட்டாம் தேதி ராத்திரி நல்லா தூங்கினீங்களா?"

சமையல்காரர் கேப்டனைப் பார்த்தார். கேப்டன் கூரையைப் பார்த்தார்.

"அசந்து தூங்கினேன் மேடம்."

"வரப்போற இருபத்தெட்டாம் தேதியா?"

"கேப்டன் சொன்னா சரியாத்தான் இருக்கும் மேடம்."

அந்த அம்மாவின் உதடு லேசாகத் துடித்தது. அடுத்த தாளைப் புரட்டினார். மெயில். அதைப் படித்ததும் அந்தத் துடிப்பும் நின்றுவிட்டது.

"பதினோரு மாசம் தாண்டி யாரையும் கப்பல்ல வச்சிருக்கக் கூடாது. தாண்டின அத்தனை பேரையும் கம்பெனி தன் செலவுல விமானம் ஏத்தி வீட்டுக்கு அனுப்பணும். மாற்று ஆளுங்க வந்து சேர்ற வரைக்கும் இந்தக் கப்பல் ஒரு அடி நகராது."

கேப்டன் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார். பார்க்கப் பாவமாகத்தான் இருந்தது. சமையல்காரர் அடுப்படிக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு வயிறு வலிக்கச் சிரித்தார். பிறகு மகளை நினைத்துக் கொஞ்சம் அழுதார்.

இத்தனை மாதமாகக் கிடைக்காத மாற்று ஆட்கள் மூன்றே நாளில் கிடைத்துவிட்டார்கள். புதுச் சமையல்காரர் வந்தார். கூடவே வெள்ளைச் சட்டை போட்ட ஒருவரும் விறைப்பாக வந்தார். கடுகை வறுத்தெடுக்க வந்த கம்பெனி ஆள் போலிருக்கிறது என்று நினைத்தபடியே விடைபெறப் போனார் நம் சமையல்காரர். போகிற போக்கில் ஒரு குத்துக் குத்திவிட்டுப் போக நாக்கு துறுதுறுத்தது.

"வரேன் சார். பாவம், உங்களை இப்படி மாட்டிவிட்டானே அந்தப் புகார்க்காரன், அவன் யாருன்னுதான் கடைசி வரைக்கும் தெரியலை."

"தெரியாமலா? அன்னிக்கே சொன்னேனே, அவனைப் பெட்டியோட இறக்கிடுவேன்னு."

கதவுக்குப் பின்னாலிருந்து ஒரு பெரிய பெட்டியை இழுத்துக்கொண்டு வந்தார் கேப்டன். காலில் ஷூ, தோளில் பை, முகத்தில் பதிமூன்று மாதத்தில் ஒரு தடவைகூடப் பார்த்திராத சிரிப்பு.

"அந்தப் பக்கம் கொஞ்சம் பிடிய்யா, கனமா இருக்கு."